அவர் இல்லாதபோது வைத்த வரிசை

எங்கள் வீட்டுக்கும் பக்கத்துக் காப்பி கிளப்புக்கும் நடுவே ஒரே ஒரு மண்சுவர்தான். அதுவும் ஓடு வரை எழும்பாமல் ஒரு முழம் குறைவாக நின்றுவிட்ட சுவர். கட்டினவனுக்கு மண் தீர்ந்ததோ பொறுமை தீர்ந்ததோ தெரியாது. அந்த இடைவெளி வழியாக அவர்களுடைய பீடிப் புகையும் பேச்சும் எங்கள் அடுப்படிக்குள் வந்து விழும். நான் மொரப்பூருக்கு வாழ வந்த புதிதிலேயே அந்த ஊர் ஆண்களின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. பந்து ஓடியது. வேறொன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்கள், புளி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், ஒரு தையல்காரர், இரண்டு வாத்தியார்கள் என்று கலந்துகட்டி ஆடுவார்கள். சேலத்துக்கும் திருப்பத்தூருக்கும் தருமபுரிக்கும் ஆடப் போவார்கள். இந்த டீமுக்கு ஒரு மேனேஜர் உண்டு. மேனேஜர் என்றதும் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். யார் ஆடுவது, யார் உட்காருவது என்று சொல்ல வேண்டும். எதிர் டீமோடு நாள் பேச வேண்டும். பந்துக்குக் காற்றடிக்க வேண்டும். எலுமிச்சம்பழம் அறுத்து வைக்க வேண்டும். ஜெயித்தால் ஆடினவனுக்கு மாலை, தோற்றால் மேனேஜருக்கு வசவு. இதற்காக அடித்துக்கொள்வார்கள் என்றால் பாருங்கள்.

ஆடுகிறவர்களையாவது மன்னித்துவிடலாம். ஆடாமல் வேடிக்கை பார்க்கிறவர்கள் இருந்தார்களே, அவர்கள்தான் பெரிய பந்துப் பைத்தியங்கள். அவர்கள் எல்லாரும் சாயங்காலமானால் காப்பி கிளப்பில் கூடிவிடுவார்கள். பேச்சு சோளத்தின் விலையில் தொடங்கினாலும் சரி, மழை ஏமாற்றியதில் தொடங்கினாலும் சரி, கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து முட்டும். இதுவரை டீமுக்கு இருந்த மேனேஜர்களில் யார் முதல், யார் இரண்டாவது, யார் மூன்றாவது?

மொத்தம் விரல் விட்டு எண்ணிவிடலாம். டீமை ஆரம்பித்து வைத்த ஒரு பழைய ஸ்டேஷன் மாஸ்டர். அவருக்கு அப்புறம் ஒரு புளி மண்டிக்காரர். சேலத்தில் கப்பு ஜெயித்தது அவர் காலத்தில்தான். அப்புறம் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். தோற்றால் ஆட்டக்காரனை மைதானத்திலேயே கன்னத்தில் அறைவார். இவர்களை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக வரிசை போட்டார்கள். நேற்று முதலாக இருந்தவர் இன்று மூன்றாவதாக இறங்குவார். காப்பி கிளப்காரர்தான் நாட்டாமை. அவரை எதிர்த்துப் பேசுகிறவர் ரயில்வே கேட்காரர். ரயில் வரும்போது மட்டும் எழுந்து போய் கேட்டைச் சாத்திவிட்டு, ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வார்.

இந்த வரிசை வைப்பதில் அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. யாரை வரிசையில் வைக்கிறார்களோ அந்த ஆள் காதில் அது விழக்கூடாது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. நான் வாழ வருவதற்கு முன்னால் நடந்தது. கப்பு ஜெயித்து வந்த அன்று மண்டிக்காரரை காப்பி கிளப்பு பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தி, மாலை போட்டு, "நீங்கதான் மொதல் மேனேஜரு, உங்கள மிஞ்ச ஒருத்தன் பொறக்கணும்" என்று எல்லாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். அந்த மாசம் முடிவதற்குள் வாந்திபேதி வந்து மனிதர் போய்விட்டார். ஊரே வாந்திபேதியில் கிடந்த மாசம் அது. ஆனாலும் இவர்களுக்கு, தாங்கள் சொன்ன சொல்தான் அவரைக் கொண்டுபோயிற்று. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்பார்கள். இவர்கள் வாயடியும் படக்கூடாது என்று சேர்த்துக்கொண்டார்கள். அதிலிருந்து, உயிரோடு எதிரில் இருக்கிறவரை வரிசையில் வைப்பதில்லை. அவர் எழுந்து வாசலைத் தாண்டினபிறகுதான் அவருடைய பேச்சை எடுப்பார்கள்.

ஜெர்மன்காரனோடு வெள்ளைக்காரனுக்குச் சண்டை தொடங்கின வருஷம் டிரில் மாஸ்டருக்கு மாற்றலாகிவிட்டது. மேனேஜர் வேலை என் வீட்டுக்காரர் தலையில் வந்து விழுந்தது. விழுந்தது என்று நான் சொல்கிறேன். அவரைக் கேட்டால் கிடைத்தது என்றுதான் சொல்லியிருப்பார். அன்று அவர் வீட்டுக்குள் வந்த தோரணையைப் பார்த்து, ஏதோ பெரிய பதவி உயர்வு ஆகிவிட்டது என்றே நினைத்துவிட்டேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. "இனிமே நமக்குப் பதினோரு புள்ளைங்க" என்றார். அந்தப் பதினோரு பேரில் ஒருவன்கூட எனக்கு ஒரு குடம் தண்ணீர் சேந்திக் கொடுத்ததில்லை.

அவருக்கு வாய்த்த காலம் அப்படி. நன்றாக ஆடுகிற பையன்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். பந்துக்குள் வைக்கிற ரப்பர் பிளாடர் கிடைக்கவில்லை. சைக்கிள் கடையில் கொடுத்து ஒட்டின மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தார். அரிசிக்கே ரேஷன் வந்துவிட்ட காலத்தில் ஃபுட்பால் எதற்கு என்று நான் கேட்காத நாள் இல்லை. "டீம் ஒரு வருஷம் நின்னா அப்புறமேலு எந்திரிக்காது புள்ள" என்பார். அவர் மேனேஜராக இருந்த காலம் முழுக்க எங்கள் டீம் தோற்றுக்கொண்டேதான் இருந்தது. கப்பின் நிழல்கூட எங்கள் ஊர்ப்பக்கம் விழவில்லை.

ஒரு தடவை தருமபுரியில் ஆட்டம். கிளம்புகிற நேரத்தில் ஆள் குறைந்துபோயிற்று. கூட்ஸ் ஷெட்டில் புளி இறக்க வந்திருந்த சித்தேரி மலைக்காரர் ஒருவரை இவர் பார்த்தார். மூட்டையோடு அந்த ஆள் ஓடின ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து ரயிலில் ஏற்றிவிட்டார். அந்த ஆள் ஜென்மத்தில் பந்தைப் பார்த்ததில்லை. போகிற வழியில் சட்டதிட்டமெல்லாம் சொல்லிக் கொடுக்க நேரம் ஏது? "கையால தொடாத. பந்து வந்தா பொழுது போற பக்கமா உதச்சிக்கிட்டு ஓடு" என்று மட்டும் மைதானத்தில் இறக்கிவிடும்போது சொல்லியிருக்கிறார். எதிர் டீமின் கோல் அப்போது மேற்கே இருந்தது.

மலைக்காரர் பிரமாதமாக ஆடினாராம். பூட்ஸ் போட்டவர்களையெல்லாம் வெறுங்காலோடு தாண்டி ஓடினாராம். இடைவேளைக்கு அப்புறம் இரண்டு டீமும் பக்கம் மாறின. மாறும் என்று அந்த ஆளுக்கு யாரும் சொல்லவில்லை. கடைசி நேரத்தில் பந்து அவர் காலுக்கு வந்தது. சூரியனைப் பார்த்து உதைத்துக்கொண்டு ஓடினார். நம் ஆட்களே கத்திக்கொண்டு பின்னால் துரத்தியிருக்கிறார்கள். துரத்துவதைப் பார்த்து அவர் இன்னும் வேகமாக ஓடியிருக்கிறார். நம் கோலிலேயே பந்தைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினாராம். தருமபுரிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன நடந்தது என்று புரிந்ததும் அந்த மனிதர் யாரிடமும் சொல்லாமல் நடந்தே மலைக்குப் போய்விட்டார்.

இவரால் அதைத் தாங்க முடியவில்லை. லீவு போட்டுவிட்டு, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப் புகையில் ஓடுகிற பஸ்ஸில் அரூர் வரை போய், அங்கிருந்து சித்தேரிக்கு மலையேறினார். அந்த ஆளின் வீட்டு வாசலில் நின்று, "நான் பொழுது போற பக்கம்னு சொன்னேன், நீ பொழுது போற பக்கமே உதச்ச. நான் சொன்னதத்தான் நீ செஞ்ச. தோத்தது என்னால" என்றாராம். சாமைச் சோறு போட்டு, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் அந்த மலைக்காரர் ஒரு ஆட்டம் தவறவிட்டதில்லை. அவர் வாயால் சொல்லித்தான் இந்தக் கதை காப்பி கிளப்புக்கு வந்தது. இவர் சொல்லியிருக்கமாட்டார்.

மலையிலிருந்து இறங்கி வந்தவருக்குக் காய்ச்சல். மலைக்காய்ச்சல் என்றார்கள். கொய்னா மாத்திரை கொடுத்ததில் காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை.

அந்த மலைக் கதை தெரிந்த நாளிலிருந்து காப்பி கிளப்பின் வரிசை மாறிப்போயிற்று. சாயங்காலம் இவர் அங்கே உட்கார்ந்திருக்கிறவரை, மண்டிக்காரர் முதல், டிரில் மாஸ்டர் இரண்டாவது, ஸ்டேஷன் மாஸ்டர் மூன்றாவது என்று போகும். இவர் ஒருத்தர் மேனேஜராக இருந்ததே அவர்களுக்குத் தெரியாது என்பதுபோலப் பேசுவார்கள். இவர் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து ஸ்டேஷனுக்குப் போனதும் குரல்கள் மாறும். "இப்ப சொல்லுங்கடா, கப்பு வாங்கறது பெருசா, தோத்தவனத் தேடி மலையேறுறது பெருசா?" என்று காப்பி கிளப்காரர் ஆரம்பிப்பார். கேட்காரர் மட்டும், "கப்பு வாங்காதவரு எப்படிங்க மொதல்ல வருவாரு? மூனாவது வெய்யி" என்று முரண்டு பிடிப்பார். மற்றவர்கள் அவர் வாயை அடைத்துவிடுவார்கள். பெரும்பாலான நாள் என் வீட்டுக்காரர்தான் முதல். நான் களி கிண்டிக்கொண்டே அத்தனையும் கேட்பேன். களி அடிப்பிடித்ததும் உண்டு.

அவருக்கும் அந்தக் கட்டுப்பாடு தெரியும். முகத்துக்கு முன்னால் சொல்லமாட்டார்கள் என்று தெரியும். ஆனால் முதுகுக்குப் பின்னால் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது அல்லவா? ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் கேட்பார்.

"பேசுனாங்களா?"

"பேசுனாங்க."

"எத்தனாவது?"

"மொதல்ல."

"தெனமும் மொதல்லதானா? ஒரு நாளாவது மூனாவதுன்னு சொல்லியிருந்தீன்னா நம்பியிருப்பேன். நீ என் பொண்டாட்டி, வேற என்னத்தச் சொல்லுவ" என்று சிரித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார். கேட்காரர் சொன்னதை நான் சொல்வதில்லை என்பது வாஸ்தவம். அதற்காக நான் காதால் கேட்டதும் பொய்யாகிவிடுமா?

சிரித்தாலும் அது அவரை அரித்துக்கொண்டேதான் இருந்தது. கப்பு இல்லாத மேனேஜர், கையாலாகாத மேனேஜர் என்று ஊர் நினைக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம். இருமல் அதிகமாகி, வேலைக்குப் போவது நின்று, கட்டிலோடு கிடக்க ஆரம்பித்தபிறகு அந்த எண்ணம் இன்னும் கெட்டியாகிவிட்டது. ரத்தம் கண்டது. காசம் என்று தெரிந்ததும் பக்கத்துப் பெண்கள் எங்கள் வீட்டுத் தம்ளரில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். ஆட்களும் வாசலில் நின்றே விசாரித்துவிட்டுப் போனார்கள். டீமை வேறொருவர் பார்த்துக்கொண்டார். கட்டிலில் படுத்துக்கொண்டு சுவர் மேலே இருக்கிற இடைவெளியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் வீட்டிலேயே கிடப்பது தெரிந்ததால் காப்பி கிளப்பில் இப்போது வரிசைப் பேச்சே நின்றுபோயிற்று. சுவருக்கு இந்தப் பக்கம் காது இருக்கிறதே. ஒரு நாள் வாய் தவறி யாரோ ஆரம்பித்தபோது, காப்பி கிளப்காரர் அதட்டி அடக்கியது எங்கள் இருவருக்குமே கேட்டது.

"பாத்தியா, என் பேச்ச எடுத்தாலே அடக்கறாங்க" என்றார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு காப்பி கிளப்பின் பின்பக்கக் கதவில் போய் நின்றேன். காப்பி கிளப்காரர் அண்டா கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அவரு மொதல்லன்னு நீங்க பேசுனத நான் எத்தன நாள் கேட்டிருக்கேன். அத அவருகிட்ட வந்து ஒரு வார்த்த சொன்னா உங்க வாய் வெந்துபோயிருமா? மனுசன் அதுலயே உருகிப்போறாரு."

அவர் அண்டாவை அப்படியே வைத்துவிட்டார். "அண்ணி, அத மட்டும் கேக்காதீங்க. நல்லா இருந்த மனுசனயே அந்தச் சொல்லு கொண்டுபோயிருச்சு. அண்ணன் இருக்கற இருப்புல நான் எப்படிங்க சொல்லுவேன்? அவரு எந்திரிச்சு நடந்து வரட்டும். அதுவரைக்கும் என் வாயில வராது."

"வந்தது வாந்திபேதி. உங்க சொல்லு இல்ல."

"இருக்கட்டுங்க. இருந்தாலும் சொல்ல மாட்டேன்."

கெஞ்சினேன். திட்டினேன். கேட்காரரிடமும் போய்க் கேட்டேன். அவரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டைத் திறக்கப் போய்விட்டார். முட்டாள்கள் என்று மனசுக்குள் சபித்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இவர் மேல் இருந்த பிரியத்தினால்தான் அவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். இவர் உடம்பு இளைக்க இளைக்க அவர்கள் வாய் இன்னும் இறுகிப்போயிற்று. அந்தப் பிரியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மார்கழியில் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். கூடப் போனது காப்பி கிளப்காரர்தான். இவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். திரும்பி வந்ததும் என்ன சொன்னார் என்று நான் கேட்டேன். "நல்ல ஆகாரம் குடுக்கச் சொன்னாருங்க. முட்ட, பாலு" என்றார். ரயிலில் வரும்போது இவரும் திரும்பத் திரும்பக் கேட்டாராம். அதே பதில்தான். நான் நம்பினேன். முட்டையும் பாலும் தேடி நாய் மாதிரி அலைந்தேன்.

தை பிறந்தபிறகு ஒரு மத்தியானம், காப்பி கிளப்காரர், கேட்காரர், தையல்காரர் மூன்று பேரும் எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். வாசலில் நிற்கவில்லை. உள்ளேயே வந்து, கட்டிலை ஒட்டினாற்போல் கீழே உட்கார்ந்தார்கள். துவைத்த சட்டை போட்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

காப்பி கிளப்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அண்ணா, ஒன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம். நம்ம டீமுக்கு இருந்த மேனேஜருங்கள்ல நீங்கதாங்ணா மொதல்ல. மண்டிக்காரரு ரெண்டாவது. வருசக்கணக்கா அப்படித்தான் வெச்சிருக்கோம்."

இவர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "கப்பு வாங்கலயேப்பா" என்றார்.

கேட்காரர் முந்திக்கொண்டார். "கப்பு கெடக்குதுங்ணா. நாந்தான் இத்தன நாளா மூனாவதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இன்னிக்கு நானும் ஒத்துக்கறேன். சூரியனப் பாத்து உதச்சவனுக்காக மலையேறுனவரு நீங்க ஒருத்தருதான்."

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், இருமல் வந்து பாதியில் நின்றது. அப்புறம் டிரில் மாஸ்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள், ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஏன் அந்த இடம் என்று நோண்டி நோண்டிக் கேட்டார். பழையபடி அவர்களுக்குள் சண்டை மூண்டது. வெகு நாளைக்கப்புறம் எங்கள் வீட்டில் ஆண்குரல் உரக்கக் கேட்டது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. நான் கெஞ்சினது வீண்போகவில்லை, கடைசியில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, ஒளித்து வைத்திருந்த ரேஷன் சர்க்கரையையெல்லாம் கொட்டிக் காப்பி போட்டேன். மூன்று பேரும் எங்கள் தம்ளரிலேயே வாங்கிக் குடித்தார்கள். போகும்போது கேட்காரர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் அழுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

அவர்களை அனுப்பிவிட்டு உள்ளே ஓடினேன்.

"இப்பவாவது நம்புறீங்களா?"

"சேலத்துல டாக்டரு என்ன சொன்னாருன்னு எத்தன தடவ கேட்டிருப்பேன். ஒருத்தனும் வாயத் தொறக்கல. இன்னிக்குச் சொல்லிட்டுப் போறாங்க பாரு" என்றார்.

"டாக்டரப் பத்தி அவங்க ஒன்னுமே சொல்லலீங்களே."

"என் மூஞ்சிக்கு முன்னால வரிச வெச்சாங்க புள்ள. நீ போயிக் கெஞ்சுனது எனக்குத் தெரியும், அப்ப வராதவங்க. கண்ணு பட்டுரும்னு இருந்த பயம் எங்க போச்சு? இனிமே படறதுக்கு ஒன்னும் இல்லன்னு தெரிஞ்சிட்டுதான் வந்திருக்காங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. துவைத்த சட்டையும், உள்ளே வந்து உட்கார்ந்ததும், எங்கள் தம்ளரில் குடித்ததும் ஒவ்வொன்றாக உறைத்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் கையை நீட்டி என் தலையைத் தொட்டார். அவர் அழவில்லை. பயந்ததாகக்கூடத் தெரியவில்லை. வேறு ஏதோ ஒன்று அவர் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"சாவறது கெடக்கட்டும்" என்றார். "மொதல்லன்னு அவங்க சொன்னது நெசமா புள்ள? இல்ல, போவப்போறவன்னு மனசு எரங்கிச் சொல்லிட்டாங்களா?"

நெசம் என்றேன். சுவர் வழியாக நான் கேட்டதையெல்லாம், எந்த மாசம், யார் என்ன சொன்னார்கள், கேட்காரரை எப்படி அடக்கினார்கள் என்பது முதற்கொண்டு ஒன்று விடாமல் சொன்னேன். கேட்காரர் மூன்றாவது என்று சொன்ன நாட்களைக்கூட மறைக்கவில்லை. என் தாலியின் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்கிறவர் மாதிரி, "சரி புள்ள, இருக்கட்டும்" என்றார். அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. மாசி பிறப்பதற்குள் போய்விட்டார்.